அறுபத்து நான்கு சாவுகள்

“ஒரு மணிக்குள்ள அந்தம்மாவக் கொன்னு முடிச்சிட்டா, பிரியாணி சொல்லிரலாம்டா” என்று மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவன் கூட வந்தவனிடம் சொன்னான். எதிரே இறங்கி வந்த கூரியர்காரர் ஒரு படியில் அப்படியே நின்று அவர்களைப் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் வந்த என்னையும் பார்த்தார், பிறகு சுவரை ஒட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் ஒலிப்பதிவு உதவியாளர்கள். அந்தம்மா என்றது ஷர்மிளாவை, இன்று எங்கள் வீடியோ கேமின் நாயகிக்குக் குரல் கொடுக்க வரவேண்டியவளை. கொல்வது என்றால் நாயகி செத்துப்போகும்போது வரும் அலறல்களைப் பதிவுசெய்வது. இதெல்லாம் எனக்குத் தெரியும், கூரியர்காரருக்குத் தெரியாது, அந்தச் சிறிய பெருமையோடு மீதிப் படிகளை ஏறினேன். அது ஒன்பதரை மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு ஷர்மிளா போன் செய்தாள், சீரியலில் திடீரென்று தேதி மாற்றிவிட்டார்கள் அக்கா, கோவிச்சுக்காதீங்க அக்கா, என்று. நான் கோபித்துக்கொள்ளவில்லை, பரவால்லம்மா என்றேன், யாருக்கும் நான் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். பத்து மணிக்கு எங்கள் டைரக்டர் ஹரிசங்கர் சார் கையிலிருந்த காபியைப் பார்த்துக்கொண்டே, “பூரணி, நீ நடிகைதானே? நீயே பண்ணிரேன்” என்றார். இப்போது மணி பதினொன்று. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். ஏசியின் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அணைத்துவிட்டார்கள். சுவரெல்லாம் துணி போர்த்திய பஞ்சு. நான் மூச்சு விட்டால் அந்தப் பஞ்சு அதை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதில்லை. இதற்குள் எத்தனை பேர் அழுதிருப்பார்கள், எத்தனை பேர் சிரித்திருப்பார்கள், ஒன்றுகூட இங்கே மிச்சமில்லை. தரையில் நிற்கவேண்டிய இடத்தைக் கறுப்பு டேப்பால் ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு பாதங்களுக்கு மட்டும் இடம். ஹெட்ஃபோனில் ஒலிப்பதிவாளர் இருதயராஜ் அண்ணனின் குரல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்: “பதினேழு. டேக் மூணு.”

பதினேழு, உயரத்திலிருந்து விழுதல், அடியில் கல். பதினாறும் உயரத்திலிருந்து விழுதல்தான், ஆனால் அடியில் தண்ணீர். பதினெட்டில் அடி தெரியாது, விழுந்துகொண்டே இருக்கவேண்டும், குரல் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போகவேண்டும். இதையெல்லாம் எழுதியது யார்? நான்தான். கடல் உள்ளே வந்துவிட்ட ஒரு நகரத்தில் ஒரு பெண் தன் தங்கையைத் தேடி நடக்கிறாள், அதுதான் கேம். விளையாடுகிறவர் ஒரு தப்புச் செய்தால் அவள் சாவாள், மறுபடி எழுந்து அதே இடத்திலிருந்து நடப்பாள். ஹரிசங்கர் சார் இருபது அலறல் போதும் என்றுதான் சொன்னார். நான்தான், வசனம் எழுதுகிறவள் என்ற முறையில், ஒரே அலறலை நூறு தடவை கேட்டால் விளையாடுகிறவருக்கு அவள் செத்தாலும் ஒன்றும் தோன்றாது சார், ஒவ்வொரு சாவும் வேறாக இருக்கட்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். நேரில் என்றால் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன். அறுபத்து நான்கு எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஹாஸ்டல் அறையில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டே எழுதினேன். தீயில், அதிலும் முதலில் உடையில் பிடிக்கும் தீ. விஷத்தில், அதிலும் விஷம் என்று தெரிந்தபின் ஒரு முறை, தெரியாமலே ஒரு முறை. அறுபத்து நான்காவதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அவ்வளவு திருப்தி: ‘தெரிந்த ஒருவர் கையால். வலி இல்லை, ஆச்சரியம் மட்டும்.’ யாருடைய தொண்டை இதைச் செய்யும் என்று எழுதும்போது ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எழுதுகிறவளுக்குத் தொண்டை கிடையாது. காகிதத்தில் ‘நீளமாக அலறுகிறாள்’ என்பது இரண்டு சொல். இரண்டு சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

“சூப்பர் பூரணி, ரொம்ப நல்லாருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் உயிரோட சாகலாமா?” சொல்லிவிட்டு ஹரிசங்கர் சாரே சிரிக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் அவர் சிரிப்பது முதலில் தெரிகிறது, அதன் சத்தம் என்னோடு பேசுகிற பட்டனை அவர் விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதால் காதுக்குள்ளேயே கேட்கிறது. அவர் ஒருநாளும் கத்தியதில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் அழுதுவிட்டாவது வெளியே போயிருக்கலாம். நான் தலையாட்டுகிறேன். தலையாட்டியது போதாது, வாயைத் திறந்து “சரி சார்” என்கிறேன், அப்போதுதான் முதல் தடவையாக அது தெரிகிறது, ‘சரி’யில் ரகரத்துக்கு மேல் ஒரு நூல் பிரிந்த மாதிரி. ஒன்றுமில்லை. எச்சில் விழுங்கினால் போய்விடும். விழுங்குகிறேன். இரும்புக் கிராதியை நாக்கால் தொட்டது போல ஒரு ருசி. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேருந்தின் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்திருக்கிறேன், அந்த ருசி. ரத்தமாக இருக்காது, காலையில் சாப்பிட்ட மாத்திரையாக இருக்கும். காலையில் மாத்திரை சாப்பிடவில்லையே. “பதினெட்டு. டேக் ஒண்ணு.” விழுகிறேன். விழுந்துகொண்டே இருக்கிறேன்.

அலறல்களைக் கடைசியில்தான் வைப்பார்கள். குரல் பதிவில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்தது இது. சமையலில் உப்பு மாதிரி, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். முதலில் மெல்லிய வசனம், பிறகு சத்தமான வசனம், பிறகு சண்டை, எல்லாம் முடிந்தபின் அலறல், ஏனென்றால் அதன்பிறகு அன்றைக்கு அந்தத் தொண்டையில் ஒன்றும் இருக்காது. இன்றைய அட்டவணையில் அலறல் காலை பத்து மணிக்கு, வசனம் மதியம் இரண்டு மணிக்கு. நூற்றெண்பது வசனம். அட்டவணை போட்டது யார்? ஒருங்கிணைப்பு: பூரணி. எழுத்து: பூரணி. இப்போது ‘குரல்’ என்ற மூன்றாவது கட்டத்திலும் ஷர்மிளாவின் பெயரை அடித்துவிட்டு நீல மையில் பூரணி. வசனம் பதிவாவதைக் கூட இருந்து பார்க்க ஆசைப்பட்ட முதலீட்டாளர் மதியம்தான் வருவார், அதனால் மாற்றினேன். மாற்றும்போது மனசில் ஒரு முள் உறுத்தியது. ஷர்மிளா சமாளிப்பாள், சின்னப் பெண், வெந்நீர் கொடுக்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். ஷர்மிளாவுக்காவது நான் இருந்திருப்பேன். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டால், சார், ஆர்ட்டிஸ்டுக்குக் கஷ்டமா இருக்கு, பத்து நிமிஷம், என்று ஒருங்கிணைப்பாளர் போய்ச் சொல்லியிருப்பாள். இது ரெண்டும் ஒண்ணுதானே, ஒண்ணை எடுத்துரலாம் என்று வசனம் எழுதியவளிடம் போய்க் கேட்டிருப்பாள். எனக்காக யாரிடம் யார் போய்க் கேட்பது? அந்த இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள், இந்தப் பஞ்சறைக்குள், எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு. ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்கிறாள். இன்னொருத்தி, இருபத்திரண்டில் நான் எழுதினது இது இல்லையே என்கிறாள்.

ரெஜினா அக்காவை நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்று எண்ணியதும் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள், ஃபிளாஸ்கோடு. சென்னை வந்த புதிதில் கூட்டக் குரலுக்குப் போவேன், கல்யாண வீட்டுப் பேச்சு, கடைத்தெருச் சத்தம், பத்துப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ‘என்ன விலை, என்ன விலை’ என்று முனகவேண்டும். அங்கேதான் அக்காவைப் பார்த்தேன். பதினைந்து வருஷம் பேய்ப் படங்களுக்குக் கத்தியவள். ஒருநாள் ஒரே மூச்சில் ஒரு படம் முழுக்க முடித்துக் கொடுத்தாளாம், எல்லாரும் கைதட்டினார்களாம், மறுநாள் எழுந்து பால்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்று வந்ததாம். ஐந்து மாதம் கழித்துக் குரல் வந்தது, ஆனால் அது வேறு யாருடையதோ. இப்போது கூட்டத்தில் பின்வரிசையில் ஆண் குரல்களோடு நிற்கிறாள். போனில் பேசுகிறவர்கள் அவளை ‘சார்’ என்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை. ஒருநாள் கேஸ் கம்பெனிக்காரனிடம், “ஆமா, ரெஜினாவோட வீட்டுக்காரர்தான் பேசறேன்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எல்லாரும் சிரித்தோம், அக்காவும் சிரித்தாள், அவள் சிரிப்பில் மட்டும் சத்தம் இல்லை. நான் அன்று அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எதுவும் தெரியாது. மச்சம், மெல்லிய சங்கிலி, பவுடர். போனது எந்த இடத்திலிருந்து போனதென்று ஒரு அடையாளமும் இல்லை.

“இருபத்தொம்பது. டேக் ரெண்டு.” அம்பு, முதுகில். முதுகில் பாய்ந்தால் அலறல் முன்பக்கமாகத் தள்ளப்பட்டு வரவேண்டும் என்று குறிப்பு எழுதியிருக்கிறேன், என்னவோ நேரில் பார்த்தவள் மாதிரி. நெற்றி வேர்வை ஹெட்ஃபோனின் பஞ்சுக்குள் இறங்குகிறது. இருதயராஜ் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், திரையில் கோடுகளைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார். என் குரல் அவருக்கு அங்கே படமாகத் தெரியும். நூல் பிரிவது கோட்டில் தெரியுமா? நாளைக்கு. நாளைக் காலை ஆறு மணி. அதை நினைக்கவே இல்லை போல இவ்வளவு நேரம் நடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு நானே. நாளைக்குத்தான் என் முதல் வசனம். சினிமாவில், முகத்தோடு, பதினோரு வரி. இதுவரை நடித்ததெல்லாம் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தோழி, ஆஸ்பத்திரியில் ஃபைலை நீட்டுகிற நர்ஸ். சீரியலில் மூன்று நாள் வேலை, மூன்று நாளும், நீ பேசாம நில்லும்மா, அதுவே நல்லாருக்கு என்றார்கள். இந்தப் படத்தின் டைரக்டர் புதியவர், ஒல்லியாக, என்னைவிடக் கூச்சமாக இருந்தார். பதினோரு வரியையும் இரண்டு தடவை பேசிக் காட்டச் சொன்னார். பேசி முடித்ததும் சுவரைப் பார்த்தபடி, “முகத்துக்காக இல்லீங்க, உங்க குரலுக்காகத்தான். அதுல ஒரு பயம் இருக்கு, அதை மறைக்கிற மாதிரியும் இருக்கு” என்றார். பிறகு டப்பிங் கிடையாது என்றார். படப்பிடிப்பில் பேசுவதுதான் படத்தில் வரும். நான் பேருந்தில் வராமல் வடபழனி வரை நடந்தே வந்தேன். வழி முழுக்க அந்தப் பதினோரு வரியையும் முணுமுணுத்துக்கொண்டு, ஒரு பழக்கடைக்காரர், என்ன வேணும்மா என்று கேட்கும்வரை.

கூச்சமுள்ளவள் எதுக்கு நடிக்கப் போனாய் என்று எல்லாரும் கேட்டாயிற்று. அங்கே என்ன பேசவேண்டுமென்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறார்களே, அதற்காகத்தான். பிறகு, எழுதிக் கொடுப்பதை நானே எழுதலாமே என்று தோன்றியது. ஒரு வெப் தொடருக்கு நாற்பது காட்சி எழுதினேன், பெயர் ‘நன்றி’ பட்டியலில் கேட்டரிங்காரருக்கு அடுத்து வந்தது. கேம் கம்பெனியில் வசனம் எழுதத்தான் சேர்ந்தேன், ஃபைல்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கிறாள் என்பதற்காக அட்டவணையையும் என்னிடமே கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும், மூன்று திரிகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு என்று நினைத்தேன். அம்மா விருதுநகரிலிருந்து போன வாரம் பேசினாள். “தரகர் கேக்காரு, பொண்ணு என்ன வேலை பாக்குன்னு. நான் என்னட்டி சொல்லட்டும்?” நடிக்கிறேன், எழுதுறேன், கேம் பண்ற கம்பெனியிலயும் இருக்கேன்மா. “ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு சொல்லக் கேட்டிருக்கேன். நீ மூணாவது காலுக்கு எங்கட்டி போவ? நான் கம்ப்யூட்டர் கம்பெனின்னே சொல்லிப்புட்டேன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கயிறு. இந்த அறைக்குள் நிற்கும்போது கயிறு என்ற சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது. முப்பத்து மூன்றாவது சாவு கயிறுதான். அதை ஏற்கெனவே பண்ணியாயிற்றா? பண்ணியாயிற்று. முப்பத்தைந்தில் இருக்கிறோம். முப்பத்தைந்து, முப்பத்தாறு, தீ மறுபடியும். முப்பத்தெட்டில் அலறலின் உச்சியில் குரல் ஒரு கணம் இல்லாமல் போய், பிறகு கீழே எங்கேயோ விழுந்த இடத்திலிருந்து தொடர்கிறது. நான் பயந்து நின்றுவிட்டேன். ஹரிசங்கர் சார் இருக்கையிலிருந்து எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டுகிறார். “அதேதான்! அந்த ஒடைஞ்சு போறது இருக்கு பாரு, அதேதான் வேணும்! அதைப் பிடிச்சுக்கோ!”

நாற்பத்தொன்றில் இருதயராஜ் அண்ணன், “ஹார்ட் டிஸ்க் மாத்தணும் சார், அஞ்சு நிமிஷம்” என்கிறார். வெளியே வருகிறேன். செருப்பில்லாத காலுக்கு அந்தப் பக்கத்துத் தரை சில்லென்று இருக்கிறது. சுவரோரம் சோபா, அதில் என் கைப்பை, அதற்குள் போன். ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, யாருக்கும் கேட்காமல். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பதினோரு வரியில் முதல் வரியைச் சொல்கிறேன். ‘மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.’ மாமா வரவில்லை. மா வருகிறது, அடுத்த மா ஒரு சுரண்டல். மறுபடி. ‘வெளிய இருங்க’ மட்டும் வருகிறது, வேறு யாரோ சொல்வதுபோல, கொஞ்சம் வயதான ஒருவர், அவர் யாரென்று எனக்கு நினைவுக்கு வந்துவிடும் போலிருக்கிறது, குழாயை மூடிவிடுகிறேன். இன்றோடு நிறுத்தினால், இப்போது, இந்த நிமிஷத்தோடு, வெந்நீர் குடித்து, மாலை முழுக்கப் பேசாமல் இருந்தால், காலைக்குள் வந்துவிடும். இன்னும் இருபத்துமூன்று இருக்கிறது. மதியம் நூற்றெண்பது. அதற்குப் பிறகு வராது. கணக்குப் போட வேண்டியதே இல்லை, இது எனக்குக் கடிகாரம் பார்ப்பதுபோலத் தெரிகிறது. திரும்பி வரும்போது தாழ்வாரத்தில் இருதயராஜ் அண்ணன் வெந்நீர் தம்ளரோடு நிற்கிறார். மாற்றவேண்டிய ஹார்ட் டிஸ்க் எதுவும் அவர் கையில் இல்லை. “பாப்பா, இருபத்தேழு வருஷமா இந்தக் கோட்டப் பாத்துட்டிருக்கேன்” என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். “நீதான கோ-ஆர்டினேட்டர்? ஒன் வார்த்தைக்கு அவர் நிப்பாட்டிருவாரு. நல்ல மனுசன்தான். நீ வாயத் தெறந்து சொல்லணும், அவ்வளவுதான்.” நான் தம்ளரை வாங்கிக்கொள்கிறேன். சரிண்ணே என்று வாயை அசைக்கிறேன். அவ்வளவுதான் என்கிறார். அவருக்கு என்ன தெரியும், அவ்வளவுதான் என்பது எவ்வளவு என்று.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து போனை எடுக்கிறேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் தேன்மொழியின் செய்தி, அந்தப் படத்தின் உதவி இயக்குநர், என்னைவிடச் சின்னவள், எல்லாவற்றுக்கும் சிரிப்பு முகம் போடுகிறவள். ‘அக்கா நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷாட்டே உங்களுதுதான்! ஆறு மணி ஷார்ப். டைரக்டர் நைட்டெல்லாம் தூங்கல போல, உங்க குரல்லதான் படம் ஆரம்பிக்குதாம். தொண்டை பத்திரம் அக்கா. வண்டி அனுப்பவா, கன்ஃபர்ம் பண்ணுங்க.’ படிக்கிறேன். மறுபடி படிக்கிறேன். வெந்நீர் ஒரு மடக்கு, அது இறங்கும் வழி முழுக்க எங்கெங்கே தோல் இல்லை என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறது. ஹரிசங்கர் சார் நாற்காலியைச் சுற்றி என் பக்கம் திரும்புகிறார். அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம். மூன்று வருஷமாக இந்த கேமுக்காக வீட்டை அடகு வைக்காத குறை, இரண்டு தடவை நின்றுபோய் மறுபடி தொடங்கியது, இன்றைக்குத்தான் நாயகி உயிரோடு எழுந்து வந்திருக்கிறாள் என்று காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார். “என்ன பூரணி, டயர்டா?” நான் சிரிக்கிறேன். “ஆர்ட்டிஸ்ட்டக் கேட்டா டயர்டுன்னுதான் சொல்லுவாங்க. நான் கோ-ஆர்டினேட்டரக் கேக்கறேன். மேடம், இன்னும் இருபத்துமூணு இருக்கு, போலாமா, நிறுத்திக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.” விளையாட்டாகக் கேட்கிறார். விளையாட்டாகவே பதில் சொல்லிவிடலாம். நிறுத்திக்கலாம் சார். சொல்ல மூன்று வினாடி போதும். இருதயராஜ் அண்ணனின் கை பட்டன்களுக்கு மேல் அப்படியே நிற்கிறது, அவர் திரும்பவில்லை, அவர் பிடரி கேட்டுக்கொண்டிருக்கிறது. படியில் பிரியாணி பேசியவனும் கதவோரம் நிற்கிறான். நான்கு ஜோடிக் கண்களா, மூன்றா, ஹரிசங்கர் சாருடைய புருவம் நல்ல பதிலுக்காக ஏற்கெனவே மேலே போயிருக்கிறது, அதை எப்படிக் கீழே இறங்கச் சொல்வது? என் வாய் திறந்திருக்கிறது. உள்ளே அந்தச் சொல் முழுசாக இருக்கிறது, நி வரைக்கும் நாக்கு போய் மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கையில் போன் வெளிச்சம் மங்கப் பார்க்கிறது, கட்டைவிரலால் அதைத் தொட்டு மங்கவிடாமல் வைக்கிறேன். “ஒரு நிமிஷம் சார்” என்று சைகை காட்டுகிறேன். அவர் தாராளமாக, தாராளமாக என்று கையை விரிக்கிறார்.

‘ஸாரி தேன்மொழி. நாளைக்கு என்னால் வரமுடியாது. வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, அனுப்புகிறேன். போனைக் கவிழ்த்து சோபாவில் வைக்கிறேன். உள்ளே போய், கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறேன்.